ஆயிரம் பொற்கொல்லர்கள்

டிசம்பர் 9, 2024 – திங்கள்

நேற்று அதிகாலை சிரியாவின் தலைநகர் டமாஸ்கஸ் கிளர்ச்சியாளர்களிடம் விழுந்துவிட்டது. அதிபர் பஷார் அல் அசாத் மாஸ்கோவில் இருக்கிறாராம். அப்பனும் மகனுமாக 54 ஆண்டுகள் பிடித்து வைத்திருந்த சிரியா பன்னிரண்டே நாளில் கைநழுவிப் போனது.

பள்ளியிலிருந்து வந்து தொலைக்காட்சியைப் போட்டால், அசாத் ஆட்சி தன் எதிரிகளை அடைத்து வைத்திருந்த சைத்னாயா சிறை. கதவுகள் திறந்து கிடக்கின்றன. காணாமல் போன உறவுகளைத் தேடி வந்தவர்கள் செல்போன் வெளிச்சத்தில் பதிவேடுகளைப் புரட்டுகிறார்கள். தரையெல்லாம் காகிதம், அதன்மேலேயே நடக்கிறார்கள். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. "பட்டறை மண்ணை யாராவது இப்படி மிதித்துக்கொண்டு திரிவார்களா? ஓரமாகக் கூட்டிவைக்க ஓர் ஆள் இல்லையா?"

அவருக்கு வயது 84. மதுரையில் தெற்கு ஆவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஐம்பது வருடம் நகைப் பட்டறை வைத்திருந்த பத்தர். சாயங்காலம் கூட்டிய மண்ணை வெளியே கொட்ட விடமாட்டார். தகர டப்பாவில் சேர்த்து வைத்து வருடத்துக்கு ஒரு முறை அலசுவார். அதில் பொன் தேறும்.

அவர் சொன்னது சரிதான். கிழக்கு ஜெர்மனியில் 1990 ஜனவரியில் மக்கள் ரகசியப் போலீஸின் தலைமையகத்துக்குள் புகுந்தார்கள். அதிகாரிகள் அவசர அவசரமாகக் கிழித்துப் போட்டிருந்த ஆவணங்கள் மட்டும் சுமார் 16,000 மூட்டை. அவற்றைக் காப்பாற்றி வைத்துத் துண்டு துண்டாக ஒட்டினார்கள். 1992 முதல், தன்னைப் பற்றிய கோப்பைத் தானே படிக்கும் உரிமை அங்கே எல்லோருக்கும் உண்டு. சைத்னாயாவின் தரையில் கிடக்கும் ஒவ்வொரு தாளிலும் யாரோ ஒருவரின் பிள்ளை இருக்கிறான். அவனை அடித்தவனின் கையெழுத்தும் இருக்கிறது.

டிசம்பர் 28 – சனி

பழைய ராணுவத்தினர் வரிசையில் நின்று துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு ஒரு தற்காலிக அட்டை வாங்கிச் செல்கிறார்கள். எனக்கு இது நம்பிக்கை தருகிறது. ஈராக்கில் இந்த இடத்தில்தான் சறுக்கினார்கள். சதாம் உசேனை வீழ்த்திய பிறகு, 2003 மே 16 அன்று அமெரிக்க நிர்வாகத்தின் முதல் உத்தரவு: சதாமின் பாத் கட்சியின் மேல்மட்ட உறுப்பினர்களுக்கு அரசு வேலை இல்லை. மே 23 அன்று இரண்டாவது: ராணுவம் கலைப்பு. லட்சக்கணக்கான ஆண்கள் ஒரே வாரத்தில் சம்பளமும் மரியாதையும் இழந்து வீட்டுக்குப் போனார்கள். ஆயுதம் மட்டும் கையில் இருந்தது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கும் வேலை போனது. கட்சி அட்டை இல்லாமல் பதவி உயர்வு கிடைக்காத நாட்டில் நானும் அட்டை வாங்கியிருப்பேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்திருப்பேன்?

அப்பாவிடம் சொன்னபோது 1963-ஐப் பற்றிப் பேசினார். தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று ஆனது. கடத்தலை ஒழிக்க வந்த உத்தரவு தட்டார் தெருக்களில் உலைகளை அணைத்தது. நாடெங்கும் எத்தனையோ பத்தர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அப்பா ஏழு மாதம் ஒரு பாத்திரக் கடையில் மூட்டை தூக்கினார்.

"அந்த ஏழு மாதமும் எனக்கு யாரைப் பார்த்தாலும் ஆத்திரம்தான் வந்தது அம்மா. என் கையில் இருந்தது ஊதுகுழல். ஈராக்கில் அவர்கள் கையில் இருந்தது துப்பாக்கி" என்றார்.

ஜனவரி 16, 2025 – வியாழன்

பொங்கல், விருந்தாளிகள், அலங்காநல்லூர் கூட்டம். எழுத நேரமில்லை.

ஜனவரி 30 – வியாழன்

நேற்று, அசாத்தை வீழ்த்திய கிளர்ச்சிப் படைத் தலைவர் அகமது அல் ஷராவை சிரியாவின் இடைக்கால அதிபராக அறிவித்திருக்கிறார்கள். அசாத்தின் பாத் கட்சியும் பழைய ராணுவமும் கலைக்கப்பட்டன.

பிள்ளைகளைத் தமுக்கத்துக்கு, காந்தி அருங்காட்சியகத்துக்கு, அழைத்துப் போனேன். ரத்தக் கறை படிந்த அந்தத் துணியின் முன்னால் வழக்கம்போல் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை இந்த முறை சொன்னேன். கொன்றவனையும் உடந்தையானவர்களையும் நீதிமன்றம் விசாரிப்பதற்கு முன்பே, அவன் சாதியில் பிறந்தவர்கள் என்பதற்காக மகாராஷ்டிரத்தில் எத்தனையோ பேரின் வீடுகளைக் கொளுத்தினார்கள். அதுவும் காந்தியின் பெயரால்.

மார்ச் 10 – திங்கள்

நான்கு நாட்களாகச் சரியான தூக்கம் இல்லை. 6-ஆம் தேதி அசாத் ஆதரவு ஆயுதக் குழுக்கள் லடாகியா பக்கம் பாதுகாப்புப் படையினரை மறைந்திருந்து தாக்கின. பதிலடி என்று கிளம்பியவர்கள் கடலோர ஊர்களில் வீடு வீடாக ஏறி, "நீ அலவியா?" என்று மதப் பிரிவைக் கேட்டுச் சுட்டிருக்கிறார்கள். இறந்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள் என்கிறது செய்தி. அசாத் அலவி; ஆகவே அலவிகள் எல்லோரும் அசாத். இவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

ஆயிரம் என்ற எண்ணைப் படித்ததும் நெஞ்சு அடைத்தது. எங்களுக்கு அது பழைய எண்.

கண்ணகி மதுரையை எரித்ததோடு கதையை முடித்துவிடுவது நம் வழக்கம். சிலப்பதிகாரம் முடிக்கவில்லை. தீர்ப்புப் பிழைத்த மன்னன் அரியணையிலேயே மாண்டான், நகரம் எரிந்தது, மழை பொய்த்தது, வறுமையும் வெப்பு நோயும் வந்தன. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று கண்ணகிக்குச் 'சாந்தி' செய்தான். மழை பெய்தது, நாடு செழித்தது என்கிறது நூல். சிலம்பைத் திருடியவன் ஒருவன். செத்தவர்கள் ஆயிரம் பேர். இந்த ஊரில் ஆட்சி சரிந்த பிறகு அமைதி வந்த விதம் இது.

இன்று ஒன்பதாம் வகுப்பில் பத்து நிமிடம் மிச்சமிருந்தது. பாடத்தில் இல்லாத இந்தப் பகுதியைச் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "டீச்சர், அந்த ஆயிரம் பேரின் பெயர் எங்கேயாவது இருக்கிறதா?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

'தாய்ப் பொன்னிலும் மாப்பொன் திருடுவான் தட்டான்' என்று என் காதுபடச் சொன்னவர்கள் உண்டு. அப்பாவின் பேரேடு இன்னும் வீட்டில் இருக்கிறது. பெயர், வாங்கிய எடை, கொடுத்த எடை, சேதாரம் என்று வரிக்கு வரி நீல மையில் எழுதியிருக்கிறார். பழைய பக்கங்களில் எடைக்குப் பக்கத்தில் குன்றிமணிக் கணக்கும் உண்டு. ஓர் எண்கூட அடித்தல் திருத்தல் இல்லை. அந்தப் பழமொழியைச் சொன்னவர்கள் இதைப் புரட்டிப் பார்த்ததில்லை.

ஏப்ரல் 6 – ஞாயிறு

தென்னாப்பிரிக்காவைப் பற்றிப் படிக்கிறேன். நிறவெறி ஆட்சி முடிந்தபின் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் 1996-இல் விசாரணையைத் தொடங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் மொத்தமாக யாரையும் மன்னிக்கவில்லை, மொத்தமாக யாரையும் தண்டிக்கவும் இல்லை. மன்னிப்பு வேண்டுமா? உன் பெயரில் மனுப் போடு, நீ செய்ததை முழுதாகச் சொல். 7,112 பேர் கேட்டார்கள். 849 பேருக்குத்தான் கிடைத்தது. வெள்ளையர் என்றோ கறுப்பர் என்றோ பாராமல், விடுதலைக்குப் போராடியவர்கள் செய்த கொடுமைகளையும் விசாரித்தார்கள். குறையும் உண்டு. மன்னிப்புக் கிடைக்காத பலர்மேல் வழக்கே நடக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் தாமதமாக, 30,000 ராண்ட் என்று வந்து சேர்ந்தது. பிள்ளைகளை இழந்த தாய்மார்களின் கசப்பு நியாயமானது. ஆனாலும், ஆளுக்கு ஒரு வரி எழுதிய கணக்கு அது.

மே 19 – திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கி ஒரு வாரம் ஆகிவிட்டது. ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது.

நேற்று முன்தினம் சிரியாவில் இரண்டு ஆணையங்களை அறிவித்திருக்கிறார்கள். ஒன்று காணாமல் போனவர்களுக்கு. அங்கே காணாமல் போனவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். இன்னொன்று நீதிக்கு. ஆனால் நீதி ஆணையத்தின் வேலை பழைய ஆட்சியின் குற்றங்களோடு நின்றுவிடுகிறது. இதை நான் ஏற்கமாட்டேன்.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்படியானால் மார்ச் மாதத்து ஆயிரம் பேர் எந்தப் பேரேட்டில் ஏறுவார்கள்?" என்று கேட்டார். அதற்கு வேறு குழு போட்டார்கள், முப்பது நாள் என்றார்கள், பிறகு இன்னும் மூன்று மாதம் நீட்டிவிட்டார்கள் என்றேன்.

காலண்டரின் ஜூலைத் தாளில் வட்டம் போட்டு வைக்கச் சொன்னார். போட்டிருக்கிறேன்.