புத்தாண்டுத் திட்டமும் ஒரு காட்டுமாடும்

இன்று எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் புத்தாண்டுத் திட்டக் கூட்டம். கொடைக்கானல் ஜனவரி; காலை பத்து மணிக்கும் வாயைத் திறந்தால் புகை. ஸ்வெட்டர், மப்ளர், குல்லாய்க்குள் இருந்தபடி ‘தொலைநோக்கு’ பற்றிப் பேசினோம். வெளியே மூடுபனியில் எதிர்க்கட்டடமே தெரியவில்லை!

தரவரிசை, ஆய்வுக் கட்டுரை, புரிந்துணர்வு ஒப்பந்தம் எல்லாம் வழக்கம்போல் வந்து போயின. அப்புறம் விடுதி வார்டன் அக்கா எழுந்தார். “சார், முதல்ல நூலகத்திலிருந்து விடுதி வரைக்கும் லைட் போடுங்க. ஆறு மணிக்கு மேல காட்டுமாடு நிக்குது, பிள்ளைங்க பயப்படுறாங்க.” அரங்கம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. போன மாதம் ஸ்கூட்டரை எடுக்க முடியாமல் இருபது நிமிடம் படிக்கட்டிலேயே நின்றவன் நான். அது பாட்டுக்குப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. சரி, விளக்கு திட்டத்தில் சேர்ந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது தாவரவியல் துறையின் யோசனை. சரிவில் மண்டிக் கிடக்கும் சீகை (வாட்டில்) மரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, இந்த மலைக்கே உரிய சோலைக்காட்டு மரங்களுக்கு நாற்றங்கால் போடுவது. சீகை ஆஸ்திரேலிய மரம், தோல் பதனிடும் பட்டைக்காக வளர்த்தது. வெட்டினாலும் துளிர்க்கும், விதை வருஷக்கணக்கில் மண்ணுக்குள் காத்திருக்கும். சோலைக் கன்றோ ஆமை வேகம். 2018இல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்கும். அதற்குள் கன்று இடுப்பளவு வந்தாலே லாபம் என்றார் பேராசிரியர்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று: விடுதிக்கு வெந்நீர். ராமநாதபுரத்திலிருந்து வந்த முதலாண்டுப் பிள்ளைகளைக் கேட்டிருந்தால் அதுதான் முதல் இலக்கு. நாளை அக்காவோடு போய்ச் சேர்த்துவிட்டு வர வேண்டும்.