மொன்டானாவில் வேட்டை நிலங்கள் மூடப்படுவது ஏன்?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் குடியேறி வேட்டை உரிமம் எடுத்ததிலிருந்து நான் அதிகம் கேட்டுவரும் புலம்பல், "முன்பெல்லாம் கேட்டால் விடுவார்கள், இப்போது எங்கே பார்த்தாலும் ஆரஞ்சுக் கம்பம்" என்பதுதான். வேலிக் கம்பத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு வண்ணம் பூசியிருந்தால், அனுமதியில்லாமல் உள்ளே வரக்கூடாது என்பது இம்மாநிலச் சட்டப்படி பொருள். புலம்புகிறவர்கள் பெரும்பாலும் பண்ணைகளை வாங்கிப் போடும் வெளிமாநிலச் செல்வந்தர்களையே குறை சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தலைமுறைகளாக மாடு வளர்த்துவரும் குடும்பங்களும் நிலத்தை மூடுகின்றனவே, அதற்குக் காரணம் வேட்டைக்காரர்களாகிய நம்மில் சிலரும், அந்தச் சிலரைத் தெரிந்திருந்தும் வாய் திறக்காத மற்றவர்களும்தான் என்பது என் கருத்து.

வனவிலங்குகள் மாநில மக்களின் பொதுச்சொத்து. ஆனால் அவை மேய்ந்து திரியும் நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது. சிக்கலெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 2004இல் வாக்காளர்கள் ஏற்ற திருத்தத்தின் மூலம், மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் உள்ள வாய்ப்பு ஒவ்வொரு குடிமகனுக்கும் என்றென்றைக்கும் காக்கப்பட வேண்டிய மரபு என்று மொன்டானா அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. அதைச் சொல்லி மார்தட்டுகிறவர்கள் அதே வாக்கியத்தின் பின்பாதியைப் படிப்பதில்லை. தனியார் நிலத்தில் அத்துமீறி நுழைய இது உரிமை தராது என்று அங்கேயே இருக்கிறது. மான், எல்க் (பெரிய மான் வகை) போன்ற பெருவிலங்குகளை வேட்டையாட, எச்சரிக்கைப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நில உடைமையாளரின் அனுமதி வேண்டும்.

இந்த இடைவெளியை நிரப்ப, தனியார் நிலத்தைப் பொதுமக்களின் வேட்டைக்குத் திறந்துவிட அரசு நடத்தும் திட்டத்தின் பெயர் பிளாக் மேனேஜ்மென்ட். 1980களின் நடுவில் தொடங்கி 1996இல் விரிவாக்கப்பட்ட இத்திட்டத்தில் இன்று சுமார் 70 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. சில பண்ணைகளில் சாலையோரப் பெட்டியில் பெயரையும் வண்டி எண்ணையும் எழுதிப் போட்டுவிட்டு உள்ளே போகலாம். சிலவற்றில் முன்பதிவு செய்ய வேண்டும். வேட்டைக்காரர்களிடம் கட்டணம் கிடையாது. பண்ணையாளருக்கு மாநில வனவிலங்குத் துறை பணம் தருகிறது, அதில் பெரும்பங்கு வெளிமாநில வேட்டைக்காரர்களின் உரிமக் கட்டணத்திலிருந்து வருகிறது. ஆனால் அது நிலத்துக்கான வாடகை அன்று. ஆட்கள் வந்து போவதால் ஏற்படும் தொந்தரவுக்கான ஈடு மட்டுமே. தொந்தரவு ஈட்டை மிஞ்சினால் மறு ஆண்டு அவர் கையெழுத்துப் போடமாட்டார். அவரைக் கட்டாயப்படுத்த யாராலும் முடியாது.

அந்தத் தொந்தரவு எத்தகையது என்பது நகரத்திலிருந்து வருபவர்களுக்கு எளிதில் புரிவதில்லை. இங்குள்ள பல மேய்ச்சல் நிலங்களின் கேட் என்பது சட்டகம் உள்ள இரும்புக் கதவு அன்று. நாலைந்து முள்கம்பி வரிசைகளைத் தொங்கும் கொம்புகளில் அடித்து, கடைசிக் கொம்பின் அடியைக் கீழ்வளையத்தில் செருகி, தலையை மேல்வளையத்துக்குள் இழுத்து மாட்டும் அமைப்பு. திறப்பது நொடி வேலை. மூடுவதற்குக் கொம்பைத் தோளோடு அணைத்து முழு உடம்பையும் சாய்த்துத் தள்ள வேண்டும். குளிரில் கை மரத்துப்போயிருக்கும்போது அது அவ்வளவு எளிதன்று. சோம்பேறி ஒருவன் அப்படியே போட்டுவிட்டுப் போனால், இரு மந்தைகள் கலந்துவிடும். சினைப்படக் கூடாத கிடாரிகளோடு காளைகள் சேர்ந்துவிடும். பண்ணைக் குடும்பம் முழுவதும் குதிரையேறி ஒரு நாள் முழுக்கப் பிரித்தெடுக்க வேண்டும்.

அடுத்தது சேறு. கிழக்கு மொன்டானாவில் 'கம்போ' என்று அழைக்கப்படும் களிமண், மழை பெய்த கரிசல் காட்டைப் போலச் சக்கரத்தை அப்பிப் பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் பிக்கப் வண்டியை ஓட்டினால் முழங்கால் ஆழத் தடம் விழுந்து, காய்ந்தபின் கல்லாகி, ஆண்டுக்கணக்கில் நிற்கும். வறண்ட இலையுதிர்காலத்தில் நேர்மாறான ஆபத்து: சூடான வண்டியைக் காய்ந்த உயரப் புல்லின்மேல் நிறுத்தினால் தீப்பிடிக்கும். குப்பை, வெற்றுத் தோட்டா உறைகள், சக்கரத்தில் ஒட்டிவரும் களைவிதைகள் எல்லாம் இதற்கு மேல்.

துப்பாக்கி சம்பந்தப்பட்ட குற்றங்கள் தனி வகை. சாலையிலிருந்து சுடுவது சட்டவிரோதம் என்று தெரிந்தும் சன்னலை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடும் எல்க் கூட்டத்துக்குள் குறியில்லாமல் சரமாரியாகச் சுட்டு, விழுந்ததை எடுத்துக்கொண்டு, காயத்தோடு ஓடியவற்றைத் தேடக்கூடச் செல்லாதவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. காயம்பட்ட விலங்கு வேலி தாண்டிப் பக்கத்துப் பண்ணைக்குள் போய்விட்டால், வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்ட பிறகே பின்தொடர வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கேட்காமல் நுழைந்தவனைத்தான் மறக்கமாட்டார்கள்.

"எல்லை தெரியவில்லை" என்ற சாக்கு இப்போது செல்லாது. இம்மாநிலத்தின் மிசூலா நகரில் தொடங்கப்பட்ட ஆன்எக்ஸ் போன்ற செயலிகள் நில எல்லையையும் உடைமையாளர் பெயரையும் கைபேசியிலேயே காட்டிவிடுகின்றன. பெயரைக் காட்டுவது அனுமதி தருவதாகாது என்பதைத்தான் சிலர் உணர்வதில்லை.

முதிய பண்ணையாளர் ஒருவர் என்னிடம், "அந்த ஆரஞ்சு மேலாடையைப் போட்டுக்கொண்டால் நீங்கள் எல்லோரும் எனக்கு ஒன்றுதான்" என்றார். துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குலம் ஆரஞ்சு அணிவது கட்டாயம்; அரை மைல் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு யார் ஒழுங்கானவர், யார் திருடர் என்று எப்படித் தெரியும்? ஒருவனுக்காக எல்லோருக்கும் கேட்டை மூடுவது அவருக்கு நியாயமான, எளிய வழி.

மூடியபின் நடப்பது இன்னும் மோசம். சிலர் நிலத்தை வேட்டைச் சுற்றுலா நடத்துபவர்களுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். பணம் கட்டியவர்கள் பெரும்பாலும் பெரிய கொம்புள்ள ஆண் எல்க்குகளையே தேடுவதால் பெண் எல்க்குகள் பெருகுகின்றன. எங்கே சுடுவதில்லை என்பதை எல்க்குகள் விரைவில் கற்றுக்கொண்டு, பருவம் தொடங்கியதும் அந்த நிலத்துக்குள் ஒதுங்குகின்றன. பருவம் முடிந்ததும் வெளியே வந்து, பாவம், பொதுமக்களை அனுமதித்துவந்த பக்கத்துப் பண்ணையாளரின் குளிர்காலத் தீவனப்புல் அடுக்குகளைத் தின்கின்றன.

இத்தனையும் தெரிந்த நாம் என்ன செய்கிறோம்? அத்துமீறிச் சுட்ட எல்க்கோடு நண்பன் எடுத்த படத்துக்கு வாழ்த்துச் சொல்கிறோம். புகார் தர டிப்-மான்ட் என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. பெயர் சொல்லத் தேவையில்லை. இங்கே உரிமம் பறிக்கப்பட்டால், மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தின்படி பெரும்பாலான மாநிலங்களில் வேட்டையாட முடியாது. தண்டனைக்குக் குறைவில்லை; காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் வாங்கத்தான் யாரும் விரும்புவதில்லை. என் பார்வையில் கேட்டைத் திறந்து போட்டவனைவிட, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் மோசமானவன். அவனுக்குச் சரி எது என்று தெரியும்.

அனுமதி கேட்பதைப் பொறுத்தவரை, பருவத்தின் முதல் நாள் விடியலில் கதவைத் தட்டுவது வீண் வேலை. கோடையிலேயே, மாட்டு வேலையும் புல் அறுவடையும் இல்லாத நேரம் பார்த்துப் போக வேண்டும். என் பெயரை நான் எழுத்துக்கூட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனாலேயே என்னை மறப்பதும் இல்லை. இதில் நன்மையும் உண்டு, தப்பு செய்தால் தப்பிக்க வழியில்லை என்பதும் உண்டு. வேலி கட்டக் கை கொடுத்தேன், வெட்டிப் பொதிந்த இறைச்சியில் ஒரு பங்கு கொண்டுபோய்க் கொடுத்தேன் என்பதெல்லாம் நல்ல பழக்கங்கள்தான். ஆனால் பண்ணையாளர்கள் அதைவிட அதிகம் கவனிப்பது, ஒருவருக்குத் தந்த அனுமதியில் எத்தனை பேர் வந்து இறங்குகிறார்கள் என்பதை.

நான் சொன்ன முதியவர் இடையில் எல்லோருக்கும் நிலத்தை மூடிவிட்டு, இப்போது சிலருக்கு மட்டும் மீண்டும் திறந்திருக்கிறார். பெண் எல்க் மட்டுமே சுடலாம். அதுவும் நவம்பர் நடுவில், மாடுகள் மலையிலிருந்து இறங்கியபின். வண்டி பெரிய சாலையிலேயே நிற்க வேண்டும். உடன் வருபவர் யாரென்று முதல்நாளே சொல்ல வேண்டும். அவர் செய்யும் எதற்கும் அழைத்து வந்தவரே பொறுப்பு.