47 நொடிக் கணக்கு

எங்க பெரியப்பா போன மாசம் காலமானார். பேசின் பிரிட்ஜ் யார்டில் ஃபிட்டராகச் சேர்ந்து, அங்கேயே ரிட்டயர் ஆனவர். ரயில்வே என்று சொன்னாலே ஜனங்கள் டிரைவரையும் கார்டையும்தான் கேட்பார்கள். சென்ட்ரலில் சனம் இறங்கிப் போனதும் காலி ரேக், அதாவது மொத்தப் பெட்டி வரிசை, யார்டுக்கு வரும். அதை பிட் லைனில் நிறுத்தி, பள்ளத்தில் இறங்கி, தலைக்கு மேலே ஒவ்வொரு பெட்டியின் வயிற்றையும் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எங்க பெரியப்பா அவர்களில் ஒருவர். ராத்திரி ரயிலில் நிம்மதியாகத் தூங்கி ஊர் போய் இறங்கிய எத்தனையோ பேருக்கு அவர் முகம் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்குக் காதுதான் கருவி. ரோலிங் இன் டியூட்டி போட்டால், வண்டி மெதுவாக உள்ளே வரும்போதே தண்டவாளத்தை ஒட்டிக் குந்தி, சக்கரம் சக்கரமாகக் கேட்க வேண்டும். பிரேக் பிடித்தது விடாமல் ஒட்டிக்கொண்டால் சக்கரம் சுற்றாது, தண்டவாளத்தில் தேய்ந்துகொண்டே வரும். தேய்ந்த இடம் தட்டையாகிவிடும். அதற்கு ஃபிளாட் டயர் என்று பெயர். அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடம் டொக் டொக்கென்று தண்டவாளத்தை அடிக்கும். பயணிகள் பெட்டிக்கு 50 மில்லிமீட்டர் வரைதான் அனுமதி. அதைத் தாண்டினால் பெட்டியைக் கழற்றித் தனியே நிறுத்த வேண்டியதுதான். வண்டி நின்றதும் சக்கர அச்சின் முனையில் பேரிங்கை மூடியிருக்கும் ஆக்சில் பாக்ஸைப் புறங்கையால் தொட்டுக்கொண்டே நடப்பார். பேரிங் சூடேறினால் முதலில் தெரிவது அங்கேதான்.

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று கை நிற்கும். "கேட்டியா பாப்பா, நடுப் பெட்டி ஒண்ணு தட்டுது." எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். பெரியம்மா, "மொதல்ல சோத்தத் துன்னு, யார்டுல பாத்துக்குவாங்க" என்பார்.

எனக்கு ரயிலைக் கற்றுக்கொடுத்தவர் அவர். காட்பாடிக்குப் போகும்போது ஜன்னலோரம் உட்கார வைத்து வாட்ச்சைக் கையில் கொடுப்பார். அந்தக் காலத்துத் தண்டவாளத் துண்டு ஒன்று 13 மீட்டர் நீளம். இரண்டு துண்டு சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தட்டு கேட்கும். மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் 13 மீட்டர் போக ஏறக்குறைய 47 நொடி. ஆகவே 47 நொடியில் எத்தனை தட்டு எண்ணுகிறோமோ, வண்டி அத்தனை கிலோமீட்டர் வேகம். பள்ளிக்கூடத்தில் காலம், தூரம் கணக்கு எனக்கு வரவே வராது. இது மட்டும் உடனே பிடிபட்டது. இப்போது தண்டவாளத்தை நீளமாக வெல்டு பண்ணிவிட்டதால் பெரும்பாலான இடத்தில் எண்ணுவதற்குச் சத்தமே இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான். பெரியப்பா சந்தோஷப்பட்டார். இணைப்பு குறைந்தால் சக்கரத்துக்கு அடி குறையும் என்பது அவர் கணக்கு.

லீவு நாளிலும் ரயில்தான். எங்களை லோக்கலில் ஏற்றி ராயபுரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போவார். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட கட்டடம். அந்தத் தூண்களைக் காட்டி, "ஊரே இத்த மறந்துட்ச்சு பாப்பா, நாம மறக்கக் கூடாது" என்பார். வடசென்னையை யாராவது இளக்காரமாகப் பேசினால் அவர் முதலில் சொல்வது ராயபுரத்தை, அடுத்து பெரம்பூர் லோகோ ஒர்க்ஸை.

2010 ஆகஸ்ட் 15 அன்று பெரம்பூர் ஸ்டேஷனில் போய் நின்றோம். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த இஐஆர் 21 நீராவி எஞ்சினை பெரம்பூரில் சரிபண்ணி, சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஓட்டினார்கள். எல்லோரும் புகையைப் படம் பிடித்தார்கள். பெரியப்பா சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்ளோ சுத்தமா சுத்துது பாரு. நம்ம பெரம்பூர் ஆளுங்க வேல" என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரின் தோளைத் தட்டிச் சொன்னார்.

பெரியம்மா அவருடைய நோட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டார். அத்தனையும் பெட்டி எண்கள். முதல் இரண்டு இலக்கம் பெட்டி செய்த வருஷம். 86 என்றால் 1986இல் பிறந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன கோளாறு, என்ன செய்தார் என்று இருக்கிறது. பாதி சுருக்கெழுத்து, அவராக வைத்துக்கொண்டது. கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்திருக்கிறேன். 'வ.ஓ.' என்று பல பக்கங்களில் வருகிறது. வேக்கம் ஓஸ், அதாவது பழைய வேக்கம் பிரேக் குழாய் என்று நினைக்கிறேன். அவரோடு பிட் லைனில் வேலை பார்த்த ஒருவர் கொளத்தூரில் இருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துப் போய்க் கேட்கப் போகிறேன்.