வஞ்சிரம் போட்டால் மட்டும் விழும் புரோகிராம்

காசிமேட்டில் ஏலம் எடுக்கும் அண்ணன் ஒருவர், ஒரு கல்லூரிப் பையன் எழுதிக் கொடுத்த சின்ன சி புரோகிராமில்தான் தினக் கணக்கு போடுகிறார். மீன் பெயர், எடை, விலை, அவ்வளவுதான். சில நாள் மூடும்போது கிராஷ் ஆகி, கடைசி வரிகள் ஃபைலில் ஏறாமல் போய்விடுகின்றன என்று லேப்டாப்போடு வந்தார்.

"தம்பி, வஞ்சிரம் போட்ட அன்னிக்குத்தான் வுழுது. சங்கரா, வவ்வாலு மட்டும் இருந்தா ஒண்ணும் ஆவறதில்ல" என்றார். இந்த ஒரு வரி எனக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தியது. பயன்படுத்துகிறவர் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும்.

உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். வரி எண் விவரமும் சேரும்படி மைனஸ் ஜி (-g) கொடுத்து கம்பைல் செய்து, புரோகிராம் எங்கே விழுகிறது என்று பார்க்க உதவும் ஜிடிபி (gdb) என்ற கருவியில் ஓட்டினேன். 'ஃப்ரீ: இன்வேலிட் பாயிண்டர்' (விடுவிக்கக் கொடுத்த மெமரி முகவரி செல்லாது) என்று சொல்லி அபார்ட், அதாவது பாதியில் நின்றுவிட்டது. எந்த வழியாக அங்கே வந்தது என்று சொல்லும் பேக்டிரேஸ் காட்டிய இடம், வாங்கிய மெமரியை எல்லாம் கடைசியில் ஃப்ரீ செய்து விடுவிக்கும் லூப். அந்த லூப்பில் எந்தத் தப்பும் இல்லை. ஹீப் (புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி) கெட்ட இடம் ஒன்று, செத்து விழும் இடம் வேறு. இங்கே அங்கங்கே பிரிண்ட்எஃப் போட்டு, மதிப்புகளைத் திரையில் அச்சிட்டுத் தேடினால் விடிந்துவிடும்.

சரி என்று, மெமரியைத் தப்பாகத் தொடும் இடங்களைப் பிடிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவியில் ஓட்டினேன். 20, 30 மடங்கு மெதுவாகத்தான் ஓடும், ஆனால் இவ்வளவு சின்ன புரோகிராமுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 24 பைட் பிளாக் முடிந்த அடுத்த இடத்தில் ஒரு பைட் தவறாக எழுதப்படுகிறது என்று வரி எண்ணோடு சொன்னது. பெயருக்கு ஸ்ட்ர்லென் (பெயரின் பைட் நீளம்) அளவுக்கு மட்டும் மேலாக் செய்து, அதாவது மெமரி கேட்டு வாங்கி, அடுத்து அந்த மீனின் கணக்கு வரியான ரெகார்டுக்கு ஒரு மேலாக், அப்புறம் பெயரை நகலெடுக்கும் ஸ்ட்ர்காப்பி. பெயர் முடிந்தது என்று காட்ட சி மொழியில் கடைசியில் வரும் பூஜ்ய பைட்டுக்கு இடமே ஒதுக்கவில்லை.

எல்லா மீனுக்கும் இதே தப்புதானே, வஞ்சிரத்துக்கு மட்டும் ஏன்? எண்ணிப் பார்த்தேன். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் வ, ர ஒவ்வொரு குறி, ஞ், சி, ம் இரண்டிரண்டு குறி, ஆக 8. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 24. மேலாக், ஃப்ரீ எல்லாம் இருக்கும் லினக்ஸின் சி லைப்ரரியான 64 பிட் கிளிப்சியில் (glibc) 24 பைட் கேட்டால் சரியாக 24தான் கிடைக்கும். 25ஆவது பைட், பக்கத்து ரெகார்டின் அளவைக் குறித்து வைத்திருக்கும் இடத்தின் முதல் பைட். அதில் பூஜ்யம் விழுந்தால் ஃப்ரீ குழம்பிப்போகிறது. சங்கராவுக்கு 18 பைட், வவ்வாலுக்கு 21. இவற்றுக்கும் 24 கிடைப்பதால் வழிந்த பைட் காலி இடத்தில் விழுந்து தப்பிக்கிறது. கிழங்கானுக்கு 27 கேட்டால் அடுத்த அளவான 40 வருகிறது, அதுவும் தப்பிக்கிறது. அப்படியானால் இன்னொரு எட்டுக்குறிப் பெயரும் விழ வேண்டுமே என்று 'நெத்திலி' அடித்தேன். விழுந்தது! அந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

கம்பைலரே மெமரிச் சோதனைகளைச் சேர்த்துக் கொடுக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்தும் பார்த்தேன். சுமார் இரண்டு மடங்குதான் மெதுவாகும். சங்கராவுக்கே அங்கேயே நிறுத்திப் பிடித்தது. ஆனால் எடை போடாமல் என்டர் தட்டினால் வரும் குப்பை எண்ணை வால்கிரைண்ட்தான் காட்டியது. இனிஷியலைஸ் செய்யாத, அதாவது ஆரம்ப மதிப்பு கொடுக்காத மெமரியைப் படிப்பது சானிடைசர் கண்ணில் படாது. அதனால் இரண்டையும் தனித்தனியாக ஓட்டுவதே என் கட்சி.

மேலாக்கும் காப்பியும் இருந்த இடத்தில், பூஜ்ய பைட்டுக்கும் சேர்த்து இடம் வாங்கி நகலெடுக்கும் ஸ்ட்ர்டப் போட்டாயிற்று. எடைக்கு ஆரம்ப மதிப்பும் கொடுத்தாயிற்று. வஞ்சிரம், நெத்திலி இரண்டும் இப்போது விழுவதில்லை. பழைய கணக்கைத் திறக்கும் பகுதியில் ஒரு லீக் (வாங்கிய மெமரியை விடுவிக்காமல் விடுவது) மட்டும் பாக்கி. அடுத்து அதுதான்.