வெட்டிய போத்தலும் நாலு மணி மழையும்

பிப்ரவரி கடைசியில் ஆரம்பித்தேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில், ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாகச் செருகி, மழை அளக்க வைத்தேன். அப்பா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். "நம்ம ஊர் மழை நாலு மணிக்குத்தான் வரும்" என்று அடிக்கடி சொல்வார். அது எவ்வளவு தூரம் உண்மை, உண்மையென்றால் ஏன் என்று தெரிந்துகொள்ள ஆசை. இப்போது எட்டு மாதக் குறிப்பு நோட்டில் இருக்கிறது.

முதல் மாத அளவுகளை எல்லாம் அடித்துவிட்டேன். போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் ஸ்கேல் வைத்து அளந்தால் சரியாக வராது. அப்புறம் ஸ்கேலை விட்டுவிட்டு, மருந்து ஊசிக்குழலால் தண்ணீரை உறிஞ்சி மில்லிலிட்டரில் அளந்தேன். புனல் வாயின் விட்டம் 8.8 செ.மீ., பரப்பு ஏறக்குறைய 61 சதுர செ.மீ. ஆக, 6.1 மி.லி. சேர்ந்தால் 1 மி.மீ. மழை. போத்தல் எந்த வடிவில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இடமும் தப்பாகிப்போனது. தகரக் கூரையிலிருந்து தெறித்த தண்ணீரும் சேர்ந்து அளவைக் கூட்டியது. வாசல் நடுவில் ஒரு குச்சி நட்டு முழங்கால் உயரத்தில் கட்டிய பிறகுதான் சரியானது. கொசு முட்டையிடாமல் இருக்க, புனலுக்கு உள்ளே வலைத்துணி வைத்தேன். டெங்கி உள்ள ஊரில் இதை மறக்கக்கூடாது.

தினமும் காலை எட்டு மணிக்கு அளவு. மழை தொடங்கிய நேரத்தை வீட்டில் இருப்பவர்கள் குறித்து வைப்பார்கள். மழை கண்ட நாள்களில் பத்துக்கு ஏழு, பிற்பகல் இரண்டு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் தொடங்கியவை. அப்பா சொன்னது பெரும்பாலும் சரி.

காரணம் கிழக்கே நிற்கும் தித்திவங்சா மலைத்தொடரிலும் மேற்கே கிடக்கும் மலாக்கா நீரிணையிலும் இருக்கிறது. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். சூடான காற்று மேலே போக, கடலின் ஈரக்காற்று உள்ளே வரும். மலைச்சரிவில் அது இன்னும் மேலே ஏறும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மேகம். காலை பத்து மணிக்கு மலை உச்சியில் பஞ்சு மாதிரி உட்கார்ந்திருப்பது, மூன்று மணிக்குக் கறுத்து இடிக்கிறது. இதை இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். எழுதி வைத்த பிறகுதான் அதில் ஒரு வரிசை இருப்பது கண்ணில் பட்டது.

மீதி மழையில் ஒரு பங்கு விடிவதற்கு முன் வந்தது. ஜூனிலிருந்து ஆகஸ்டு வரைதான் அது அதிகம். இரவில் சுமத்ரா பக்கமும் நீரிணையிலும் திரண்டு, தென்மேற்குக் காற்றோடு கிழக்கே வந்து மேற்குக்கரையை விடியலில் அடிக்கிற மழை. இதற்கு 'சுமத்ரா' என்றே பெயர். நோட்டைக் காட்டியதும் அப்பா இந்தப் பகுதியில்தான் விரலை வைத்தார். "சாயங்கால மழை பெஞ்சா பெஞ்சிட்டுப் போகுது. பாலை எடுத்து ஸ்டோர்ல கொடுத்திருப்போம். விடியக்காலை மழைதான்மா சம்பளத்த அடிச்சிட்டுப் போகும்." பட்டை நனைந்தால் பால், அதைப் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தில் விழாது, மரத்தோடு வழிந்துபோகும். பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்றுவிட்டுத் திரும்பிய நாள்கள் அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன.

உயரத்தையும் சோதித்துப் பார்த்தேன். இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி, ஐஸை நசுக்கித் தண்ணீரோடு கலந்த குவளையில் இரண்டையும் போட்டேன். பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்று சரியாகக் காட்டியது, மற்றது 0.6. அதை ஒவ்வொரு முறையும் கழித்துக்கொண்டேன். தம்பியை வீட்டு நிழலில் ஒன்றோடு நிறுத்திவிட்டு, மற்றதோடு கேமரன் மலை பிரிஞ்சாங்குக்குப் போனேன். காலை பதினொரு மணிக்கு அவன் பார்த்தது 31.4, நான் பார்த்தது 21.8. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. எங்களுக்கு இடையில் ஏறக்குறைய 1,440 மீட்டர். கணக்கில் 9.4 வருகிறது, கையில் கிடைத்தது 9.6. சந்தோஷத்தில் அங்கேயே தம்பிக்குப் போன் செய்தேன்.

மலைக்கு இன்னொரு வேலையும் உண்டு. டிசம்பரில் வடகிழக்குக் காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை எல்லாம் கிழக்குக்கரையில் கிளந்தான், திரெங்கானு பக்கமே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி எங்களிடம் வரும்போது ஈரம் குறைந்துவிடும். அதனால்தான் ஜனவரி, பிப்ரவரியில் இங்கே காய்கிறது, பால்மரம் இலை உதிர்க்கிறது. ஆனால் எல் நினோ வருடங்களில் இந்தக் கணக்குக்கு மேலே வெயில் ஏறும். மேற்குப் பசிபிக்கின் சூட்டுத் தண்ணீர் கிழக்கே நகரும்போது மழையையும் கூடவே கூட்டிப்போய்விடும். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது அப்படி ஒரு எல் நினோ காலத்தில்தான்.

ஜூலையில் லெங்கோங் போனேன். சாலையோர மண்வெட்டில் வெளிறிய ஒரு படலம் தெரிந்தது. விரலால் தொட்டேன், முகப்பவுடர் மாதிரி மென்மை, ஆனால் கொஞ்சம் நறநறப்பு. சுமத்ராவின் தோபா எரிமலை ஏறக்குறைய 74,000 வருடத்துக்கு முன் கக்கிய சாம்பல் அது. பெரிய எரிமலை வெடித்தால் பூமி கொஞ்சம் குளிரும், ஆனால் அது சாம்பலால் அல்ல. சாம்பல் சீக்கிரம் விழுந்துவிடும். மேலே போகும் கந்தக வாயு நுண்துளிகளாகி, ஒன்றிரண்டு வருடம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாத்துபோ எரிமலை வெடித்தபோது உலகின் சராசரி வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி இறங்கியது. தோபா அதைவிடப் பல மடங்கு பெரியது.

பூமி குளிர அதைவிட மெதுவான காரணம் ஒன்றும் உண்டு, அதை வீட்டில் ஒரு பம்பளிமாஸ் பழத்தில் செய்து பார்த்தேன். ஈர்க்குச்சியை அச்சாகக் குத்தி, மேசை விளக்கைச் சுற்றிக் கொண்டுபோனேன். அச்சைக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்தால் வடபாதிக்குக் கோடை வெளிச்சம் அதிகம், நிமிர்த்தினால் குறைவு. பூமியின் சாய்வு 41,000 வருடச் சுற்றில் 22.1 டிகிரிக்கும் 24.5 டிகிரிக்கும் இடையே ஆடுகிறது, இப்போது 23.4. சுற்றுப்பாதையின் வடிவமும், பம்பரம் போல அச்சு தலையாட்டுவதும் இதோடு சேர்கின்றன. வடக்கில் கோடை வெயில் குறைந்தால் பனி உருகாமல் தங்கும், வருடா வருடம் ஏறும். இதை உட்கார்ந்து கணக்குப் போட்டவர் செர்பியாவின் மிலன்கோவிச்.

20,000 வருடத்துக்கு முன் அவ்வளவு தண்ணீர் பனியாக நின்றதால் கடல் ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. மலாக்கா நீரிணை தரை. இங்கிருந்து சுமத்ராவுக்கு நடந்தே போகலாம். பக்கத்தில் கடல் இல்லையென்றால் கடற்காற்றும் இல்லை. என் நோட்டில் இருக்கிற நாலு மணி மழை அன்றைக்கு இப்படி வந்திருக்காது. இதை யோசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தச் சுற்றுகள் ஆயிரக்கணக்கான வருடத்தில் நடப்பவை. இப்போது ஒரு ஆயுளுக்குள் ஏறும் சூடு அவற்றால் வருவதில்லை, நாம் எரிக்கும் நிலக்கரியாலும் எண்ணெயாலும் வருவது.

அடுத்ததாக, தைப்பிங்கில் இருக்கும் அத்தையிடம் அதே அளவு போத்தல் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். எங்களுக்கு மேற்கே நிற்கும் பிந்தாங் மலையின் கடல் பக்கச் சரிவுக்குக் கீழே இருக்கிற ஊர். மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். போன புதன்கிழமை அத்தை முதல் அளவை வாட்சப்பில் அனுப்பினார்: 58 மி.மீ. அன்றைக்கு என் போத்தலில் ஒரு துளிகூட இல்லை, இடிச்சத்தம் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டது.