யார் எடுத்த புள்ளிகள்

வண்ணார்பேட்டையில் ஒரு மாடி அலுவலகத்தில், வெளிநாட்டு விளையாட்டுச் செய்தி நிறுவனங்களுக்காக அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டங்களின் புள்ளிவிவரங்களைத் தொகுத்துக் கொடுக்கும் வேலையில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். ஏப்ரல் நடுவில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-யின் பிளே ஆஃப் தொடங்கிவிட்டால் எங்கள் இரவும் பகலும் இடம் மாறிவிடும். லீக் சுற்றில் தேறிய அணிகள் இரண்டிரண்டாகப் பல ஆட்டங்கள் மோதி, அதிக ஆட்டங்களை வெல்பவர் முன்னேறும் தொடர்கள் அவை. நியூயார்க்கில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் திருநெல்வேலியில் விடியற்காலை நாலரைக்குத் தொடங்கும். மேற்குக் கரை ஆட்டங்கள் முடியும்போது முருகன்குறிச்சிப் பக்கம் வெயில் ஏறிவிட்டிருக்கும். ஒவ்வொரு தொடருக்கும் முன்னால் ஒரு பக்கக் குறிப்பு எழுதி, இந்த அணி வெல்ல நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று ஓர் எண்ணைப் போட்டு அனுப்ப வேண்டும். அந்த எண்ணுக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை, புள்ளி வித்தியாசம்.

கணக்கு எளியது. ஓர் அணி 82 லீக் ஆட்டங்களில் எடுத்த மொத்தப் புள்ளிகளிலிருந்து விட்டுக்கொடுத்தவற்றைக் கழித்து, 82-ஆல் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கான சராசரி வித்தியாசம் கிடைக்கும். சராசரியில் ஒவ்வொரு புள்ளியும், 82-இல் பாதியான 41 வெற்றிகளுக்கு மேல் ஏறத்தாழ இரண்டரை வெற்றிகளுக்குச் சமம் என்பது இத்துறையில் எல்லோரும் கையாளும் விதி. எடுத்ததையும் விட்டதையும் வைத்து வெற்றி விகிதத்தைக் கணிக்க, பேஸ்பாலுக்காகப் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் உருவாக்கிய சூத்திரத்தைக் கூடைப்பந்துக்கு ஏற்றவாறு டேரில் மோரி என்ற ஆய்வாளர் மாற்றியமைத்த வடிவமும் இதையே இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறது. இந்த விதி காட்டுவதைவிட ஓர் அணியின் வெற்றிகள் கூடுதலாக இருந்தால், ஒரு புள்ளி, இரண்டு புள்ளி வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்கள் அதன் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பொருள். அந்தச் சாய்வு அடுத்த மாதமும் தொடரும் என்று எதிர்பார்ப்பதற்குப் பெரிய ஆதாரம் கிடையாது.

புதிதாகச் சேர்பவர்களுக்கு இதை விளக்க, பழைய சீசன்களின் அட்டவணையைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்வது எங்கள் வழக்கம். 2006-07 சீசனில் டாலஸ் 67 வெற்றிகளோடு முதலிடத்தில் முடித்தது. சான் அன்டோனியோவுக்கு 58 தான். ஆனால் டாலஸின் சராசரி வித்தியாசம் 7.2, சான் அன்டோனியோவுடையது 8.4. சுரண்டையிலிருந்து வந்து சேர்ந்த ஒரு தம்பி அந்தத் தாளை வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, அறுபத்தேழு ஜெயிச்சவனக் கீழ தள்ளிட்டு அம்பத்தெட்டு ஜெயிச்சவன மேல வச்சிருக்கியளே, இத எவன் நம்புவான்?" என்று கேட்டான். எங்கள் மூத்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எத்தன தடவ ஜெயிச்சாம்னு எண்ணாதலே, எவ்வளவுல ஜெயிச்சாம்னு பாரு" என்றார். அந்த ஆண்டுக் கோப்பையை சான் அன்டோனியோதான் வென்றது. இறுதித் தொடரில் கிளீவ்லாந்து ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை.

ஆனால் அதே அட்டவணையில் இந்த முறையின் ஆதரவாளர்கள் வேகமாகத் தாண்டிப் போகும் ஒரு வரியும் உண்டு. அந்த டாலஸ் அணியை முதல் சுற்றிலேயே 4-2 என்று வெளியேற்றிய கோல்டன் ஸ்டேட், சீசன் முழுவதும் எடுத்ததைவிட விட்டுக்கொடுத்ததே அதிகம்; அதன் சராசரி பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. ஏழு புள்ளி மேலே நின்ற அணி தோற்றதை வெறும் தற்செயல் என்று தள்ளிவிடலாம். நான் அப்படித் தள்ள விரும்பவில்லை. கோல்டன் ஸ்டேட் 2007 ஜனவரியில் இண்டியானாவோடு ஆட்டக்காரர்களைப் பெரிய அளவில் பரிமாற்றம் செய்து ஸ்டீபன் ஜாக்சனையும் ஆல் ஹாரிங்டனையும் கொண்டுவந்தது. நவம்பரிலும் டிசம்பரிலும் அந்த அணி இழந்த புள்ளிகள், ஏப்ரலில் களத்தில் நின்ற அணி இழந்தவை அல்ல. சட்டையும் பெயரும் மட்டும் ஒன்றாக இருந்தன. அன்று முதல், ஒரு சராசரி என் மேசைக்கு வந்தால் அது எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன், அதிலுள்ள புள்ளிகளை யார் எடுத்தார்கள், யார் விட்டார்கள் என்று பார்ப்பதே என் வேலை முறையாகிவிட்டது.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் சில பழைய தொடர்கள் வேறு முகம் காட்டுகின்றன. 2004 இறுதித் தொடரில் ஷகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் ஆகிய நால்வரையும் வைத்திருந்த லேக்கர்ஸ் எளிதாக வெல்லும் என்று பரவலாக நம்பப்பட்டது. லீக் சுற்றிலும் அவர்களுக்கு 56 வெற்றிகள், டெட்ராய்ட்டுக்கு 54. ஆனால் வித்தியாசத்தில் டெட்ராய்ட் 5.8, லேக்கர்ஸ் 3.9. போதாதற்கு, டெட்ராய்ட்டின் 5.8 பிப்ரவரியில் ரஷீத் வாலஸ் என்ற முக்கிய ஆட்டக்காரர் அணிக்கு வருவதற்கு முந்தைய மாதங்களையும் சேர்த்த எண். டெட்ராய்ட் 4-1 என்று வென்றது. இதற்கு நேர்மாறானது 2000-01 லேக்கர்ஸ் அணி. வெறும் 3.4 சராசரியோடு பிளே ஆஃபுக்குள் நுழைந்து, 16 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்றுக் கோப்பையைத் தூக்கியது. அந்த 3.4-ஐ மட்டும் பார்த்தவருக்கு அது புதிர். அந்த அணியின் டெரெக் ஃபிஷர் காயத்தால் 62 லீக் ஆட்டங்களில் இல்லை என்பதையும், ஓ'நீலும் பிரையன்ட்டும் ஆடாத ஆட்டங்கள் சேர்ந்தே அந்தச் சராசரி என்பதையும் பிரித்துப் பார்த்தவருக்கு அது பாதிப் புதிர்தான்.

புள்ளிகளைச் சலிக்கும் வேலையில் இன்னொரு பகுதி, முடிவு தெரிந்துவிட்ட பிறகு எடுக்கப்படும் புள்ளிகள். 2021 டிசம்பர் 2-ஆம் தேதி மெம்ஃபிஸ், ஓக்லஹாமா சிட்டியை 152-79 என்று வென்றது. 73 புள்ளி வித்தியாசம், லீக் வரலாற்றில் மிகப் பெரியது. மெம்ஃபிஸின் முதன்மை ஆட்டக்காரர் ஜா மொரான்ட் அன்று ஆடவே இல்லை. 73-ஐ 82-ஆல் வகுத்தால், அந்த ஒரே ஆட்டம் மெம்ஃபிஸின் சீசன் சராசரியில் கிட்டத்தட்ட 0.9 புள்ளி. இரண்டரை வெற்றி விதிப்படி பார்த்தால், ஒரு ராத்திரி இரண்டு வெற்றிகளுக்கு மேல் மதிப்பு பெற்றுவிடுகிறது. அதனால் ஓர் ஆட்டத்தின் வித்தியாசத்தை 20-க்கு மேல் எண்ணுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். இருபது என்பது இறங்கி வந்த வேதம் அல்ல; பதினெட்டு என்று வாதாடியவர்களும் எங்களிடையே உண்டு.

வெட்ட வேண்டிய அளவு ஆட்ட விதியைப் பொறுத்தும் மாறும். பாளையங்கோட்டை மைதானங்களில் லீக் முறையில் நடக்கும் போட்டிகளுக்கு நான் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்ததுண்டு. அங்கே வெற்றிகள் சமமானால் இறுதியில் புள்ளி வித்தியாசத்துக்கு வந்து நிற்கும் என்பதால், முப்பது புள்ளி முன்னால் இருக்கும் அணியும் முதல் ஐவரை வெளியே எடுக்காது. பயிற்சியாளர் எங்கள் மேசைக்கே வந்து, "இன்னும் எத்தன வேணும் சார்?" என்று கேட்டுவிட்டுப் போவார். என்.பி.ஏ. லீக் சுற்றில் சமன் முறிக்கும் விதிகளின் கடைசி வரிசையில்தான் புள்ளி வித்தியாசம் வருகிறது. ஆகவே அங்கே ஒரு பக்கம் சாய்ந்த ஆட்டங்களில், கடைசிக் கால்பகுதியான நான்காவது குவார்ட்டரில் மாற்று ஆட்டக்காரர்கள் இறங்கிவிடுவார்கள். ஆனால் 2023-இல் தொடங்கிய சீசன் நடுக் கோப்பையில் வித்தியாசம் முக்கியமானதும், பாஸ்டனும் நம்மூர்ப் பயிற்சியாளரைப் போலவே நடந்துகொண்டது. சிகாகோவுக்கு எதிராக வெற்றி உறுதியான பின்பும், ஃப்ரீ த்ரோ சரியாக வராத ஆந்த்ரே டிரம்மண்டை வேண்டுமென்றே ஃபவுல் செய்து இடைவெளியைக் கூட்டப் பார்த்தது.

சலித்தெடுத்த எண்ணை வாய்ப்பாக மாற்றுவதில் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தடுமாறுவார்கள். ஓர் அணியின் சராசரி 6, எதிரணியுடையது 2 என்று கொள்வோம். இருவருக்கும் சொந்தமில்லாத பொது மைதானத்தில் எதிர்பார்க்கும் வித்தியாசம் 4. என்.பி.ஏ. ஆட்ட முடிவுகளின் திட்ட விலக்கம், அதாவது எதிர்பார்த்ததிலிருந்து முடிவுகள் சிதறும் அளவு, ஏறத்தாழ 12 புள்ளி. ஆகவே ஓர் ஆட்டத்தில் வலுவான அணிக்கு நூற்றுக்கு 63 வாய்ப்புதான். சொந்த மைதானத்துக்கு 3 புள்ளி சேர்த்தால் அங்கே 72, வெளியூரில் 53. இந்த அணிக்குச் சொந்த மைதானத்தில் நான்கு, வெளியே மூன்று என ஏழு ஆட்டத் தொடர் அமைந்தால், தொடரை வெல்லும் வாய்ப்பு 79-க்கு வந்துவிடுகிறது. ஏழு ஆட்டங்கள் சிறிய மேன்மையைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. அப்படியிருந்தும் இத்தகைய ஐந்து தொடர்களில் ஒன்று மறுபக்கம் போகும். 79 என்று எழுதி அனுப்பினால், தொலைபேசியில் "ஆக, அவர்கள்தானே?" என்று ஒரே கேள்வியாகத் திரும்பி வரும்.

தொடர் தொடங்கிய பிறகு வரும் வித்தியாசங்களை நான் மிகக் குறைவாகவே மதிக்கிறேன். 2016 இறுதித் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களில் கோல்டன் ஸ்டேட் கிளீவ்லாந்தைவிட மொத்தம் 48 புள்ளி அதிகம் எடுத்தது. ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது இரு அணிகளும் சரியாக 610, 610. ஏழாவது ஆட்டத்தை கிளீவ்லாந்து 93-89 என்று வென்றது. 48 புள்ளியைப் பார்த்துத் தொடர் முடிந்தது என்று எழுதியவர்களுக்கும், மூன்றாவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட்டின் 30 புள்ளித் தோல்வியைப் பார்த்து எல்லாம் மாறிவிட்டது என்று எழுதியவர்களுக்கும் அந்த இரண்டு 610-களும் ஒரே பதிலைத்தான் சொன்னன.

2025-இல் ஓக்லஹாமா சிட்டி 12.9 என்ற சராசரியோடு வந்தது. லீக்கில் அதற்கு முன் எந்த அணியும் எட்டாத அளவு. இறுதித் தொடரில் எதிரே நின்ற இண்டியானாவின் சராசரி சுமார் 2.3. மேலே சொன்ன கணக்கை அப்படியே போட்டால் 97-க்கு மேல் வரும். முதல் ஆட்டத்திலேயே, 0.3 வினாடி மீதமிருக்கையில் டைரீஸ் ஹாலிபர்ட்டன் எடுத்த புள்ளிகளால் இண்டியானா 111-110 என்று வென்றது. தொடர் ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது. மூன்றுக்கு மூன்று என்று நின்றபோது, எண்ணைப் பாதிக்குப் பாதியாக மாற்றிவிடலாமா என்று சுரண்டைத் தம்பி கேட்டான். இண்டியானாவின் சீசன் தொடக்க மாதங்களைக் கழித்துவிட்டு இரு பக்கத்தையும் மறுபடி போடச் சொன்னேன். இடைவெளி சுருங்கியது, ஆனால் ஆட்டம் ஓக்லஹாமாவின் சொந்த மைதானத்தில் என்பதால் முன்னிலை அவர்களிடமே இருந்தது. அதையே அனுப்பினோம். முதல் குவார்ட்டரிலேயே ஹாலிபர்ட்டன் காலில் காயம்பட்டு வெளியேறினார். ஓக்லஹாமா 103-91 என்று வென்றது. காலையில் வாடிக்கையாளரிடமிருந்து பாராட்டு வந்தது. அந்தப் பன்னிரண்டு புள்ளியில் எங்கள் கணக்குக்கு உரியது எவ்வளவு, ஹாலிபர்ட்டன் இல்லாததற்கு உரியது எவ்வளவு என்று அடுத்த சீசன் கோப்பில் பிரித்து எழுதி வைக்கும்படி தம்பியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.