அத்தை வீட்டு விமானம்

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நாளைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வருகிறார்கள் என்று புதுச்சேரி குருசுக்குப்பத்து அத்தை வீட்டுச் சுவரில் இருந்ததையெல்லாம் கழற்றினோம். மாதா படம், தாத்தாவின் கல்யாணப் படம், போன வருடக் காலண்டர், கடைசியாக அந்தக் கறுப்பு வெள்ளை விமானம். தேக்குச் சட்டம் நன்றாக இருக்கிறது, ஆணிகள்தான் கடல் காற்றில் துருப்பிடித்துப்போயிருக்கின்றன.

“எங்க சித்தப்பா இதுல ஏறித்தாண்டா பிரான்சுக்குப் போனாரு” என்றார் அத்தை. அவருக்குச் சித்தப்பா, எனக்குச் சின்னத் தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். தெருவில் பழைய ஆட்கள் இன்னமும் ‘சொல்தா வீடு’, அதாவது சிப்பாய் வீடு என்றுதான் சொல்வார்கள். பிரேமைச் சரிசெய்து தருகிறேன் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

விமானம் என்றால் சோறு தண்ணி மறக்கும் நண்பனுக்கு மூக்குப் பகுதியை மட்டும் படமெடுத்து அனுப்பினேன். “காமெட்” என்று உடனே பதில். 1952 மே மாதம் லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் பயணிகளை ஏற்றிப்போய் ஜெட் சேவையைத் தொடங்கிவைத்த பிரிட்டிஷ் விமானம். முழுப் படத்தையும் அனுப்பியதும் சத்தமே இல்லை.

காமெட்டுக்கு என்ஜின்கள் இறக்கையின் அடிவேரில் புதைந்திருக்கும். இதில் வாலை ஒட்டி, உடம்பின் இரண்டு பக்கமும் தொங்குகின்றன. ஜன்னல்கள் முனை மழுங்கிய முக்கோணம். அந்த ஜன்னல்தான் காரவெல் என்ற பிரெஞ்சு ஜெட் விமானத்தின் அடையாளம். வால் பக்கம் பதிவு எண்ணில் மற்றதெல்லாம் மங்கிவிட்டது, முதல் எழுத்து ‘எஃப்’ மட்டும் தெரிகிறது. பிரான்சில் பதிவான விமானம். நம் ஊர் விமானம் என்றால் ‘விடி’ என்று தொடங்கியிருக்கும்.

நண்பன் சொன்னதிலும் பாதி சரிதான். காரவெல்லைக் கட்டிய பிரெஞ்சுக்காரர்கள் முன்பகுதி வடிவமைப்பை டி ஹாவிலாண்டிடமிருந்து, அதாவது காமெட்காரர்களிடமிருந்தே வாங்கிக்கொண்டார்கள். 1954-இல் ஜனவரியில் எல்பா தீவருகே ஒன்று, ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே ஒன்று என இரண்டு காமெட்கள் நடுவானில் சிதறின. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, உலோகம் ஓய்ந்துபோய் திறப்புகளின் மூலையில் விரிசல் விடுவதைக் கண்டுபிடித்தார்கள். ஊரே பயந்த அந்த முகத்தை வைத்துக்கொண்டு 1955 மே 27-ஆம் தேதி துலூஸில் காரவெல் மேலேறியது. தைரியம்தான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அத்தையிடம் கேட்டேன், சித்தப்பா எப்போது போனார்? “பிரெஞ்சுக்காரன் இங்கேருந்து கிளம்புறதுக்கு முன்னாடியே.” அப்படியென்றால் 1954 நவம்பருக்கு முன். அப்போது இந்த விமானம் பறக்கவே ஆரம்பிக்கவில்லை. கப்பலில்தான் போயிருப்பார் என்றேன்.

“அப்போ லீவுல வரும்போது வந்திருப்பாரு.”

காரவெல் நடுத்தர தூரத்து விமானம் அத்தை, பாரிஸிலிருந்து ஒரே மூச்சில் இங்கே வராது, 1959-இல் ஏர் பிரான்ஸ் அதை இஸ்தான்புல் பக்கம்தான் விட்டது என்று விளக்கினேன். “அங்கே இறங்கி வேற பிளேன் மாறியிருப்பாரு. நீ கூடவா போனே?”

இல்லை, நான் கூடப் போகவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

15 சுதந்திர தினம், 16 புதுச்சேரி இந்தியாவோடு சட்டப்படி இணைந்த நாள். இரண்டு நாளும் பிரேம் கடை பூட்டு. இன்றைக்குத்தான் பின்பலகையைத் திறந்தார்கள். அட்டையில் இராமபாணப் பூச்சி ஓட்டை போட்டிருக்கிறது, நல்லவேளை படத்துக்கு வரவில்லை. வேறொரு வம்பு இருந்தது. நடுவே மவுண்ட் அட்டை வைக்காமல் கண்ணாடியோடு அழுத்திப் பிரேம் போட்டதால், பல மழைக்காலத்து ஈரத்தில் ஒரு மூலை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சாய்த்துப் பிடித்தால் ஒட்டிய இடம் மட்டும் நனைந்த மாதிரி பளபளக்கிறது. கடைக்காரர் கத்தி முனையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார். “பிச்சா வால் கண்ணாடியோட வந்துடும் சார். இப்படியே ஸ்கேன் எடுத்துடுங்க.” சரி என்றேன். பழைய கண்ணாடி அப்படியே இருக்கும், பின்னால் அமிலமில்லாத அட்டை, புது ஆணி.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எதிர் வீட்டுப் பெரியவர் படத்தைப் பார்த்ததும், “இது இந்தியன் ஏர்லைன்ஸ்ல ஓடிச்சே! பின்னாடி வயித்துக்குக் கீழே படி இறங்கும், அதுல ஏறுவோம்” என்றார். உண்மைதான். அறுபதுகளில் இந்தியன் ஏர்லைன்ஸும் காரவெல் வாங்கியது. 1976 அக்டோபரில் பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ஒன்று என்ஜினில் தீப்பிடித்து விழுந்து 95 பேர் இறந்தார்கள். அதை அவரே சொன்னார். அத்தை அந்தப் பேச்சை வளரவிடாமல் காபி கலக்கப் போய்விட்டார்.

பின் அட்டையில் பென்சிலால் எழுதினேன்: ‘காரவெல். பிரான்சில் பதிவானது. 1955-க்குப் பிந்தைய படம்.’ அத்தை எட்டிப் பார்த்து, சித்தப்பா பேரை எங்கே காணோம் என்றார். கோட்டுக்குக் கீழே ‘அத்தை சொன்னது’ என்று தனியாகப் போட்டு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இஸ்தான்புல்லில் பிளேன் மாறியதும் அதில் சேர்ந்துவிட்டது.